வீட்டுக்கு விறகு: அறுத்து, பிளந்து, அடுக்கிக் காயவைக்க முழுமையான வழிகாட்டி

விறகு என்றதும் கோடாலிதான் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் இந்த வேலையில் நாம் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் தண்ணீரோடுதான். அன்று வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். சில மரங்களில் அதற்கும் மேலே. அந்தத் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வெளியேறும் என்பதை நாம் அறுக்கும் நீளமும், பிளக்கும் பருமனும், அடுக்கும் விதமும் முடிவு செய்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் அளவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, தானாகவே விளங்கும்.

ஈர விறகு எரிந்தால் என்ன ஆகிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முற்றிலும் உலர்ந்த மரம் ஒரு கிலோவுக்கு 18 முதல் 20 மெகாஜூல் வரை வெப்பம் தரும். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கி அனுப்ப ஏறத்தாழ 2.6 மெகாஜூல் செலவாகும். பாதி ஈரமுள்ள 10 கிலோ விறகில் மரம் 5 கிலோ, தண்ணீர் 5 கிலோ. அதாவது சுமார் 95 மெகாஜூல் வரவில் 13 செலவு. இது பெரிய நட்டமாகத் தெரியாது. உண்மையான நட்டம் வேறு இடத்தில் நடக்கிறது. தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை நெருப்பின் சூடு ஏறாது. சூடு ஏறாவிட்டால் மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரியாமலே புகையாகப் போய்விடும். எரிபொருளின் பெரும்பங்கு அந்த வாயுக்களில்தான் இருக்கிறது. போகும் வழியில் புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படியும். அந்தத் தார் ஒருநாள் தீப்பிடித்தால் புகைபோக்கியே எரியும்.

நல்ல விறகுக்கு ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து, 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கப்படும் விறகுக்கு இந்த 20 சதவீத எல்லையைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

எந்த மரம்

"எந்த மரம் நன்றாக எரியும்?" என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமான பதில்தான் இருக்கிறது. நன்றாகக் காய்ந்துவிட்டால், எடைக்கு எடை எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தைத்தான் தரும். பிசின் மிகுந்த பைன் போன்றவை சற்றுக் கூடுதலாகத் தரலாம், அவ்வளவுதான். வித்தியாசம் அடர்த்தியில் இருக்கிறது. சவுக்கு, வேலமரம், புளி, ஓக் போன்ற கனத்த மரங்கள் அதே இடத்தில் அதிக எடையை அடைத்துக்கொண்டிருக்கும். நின்று எரிந்து தணலாகக் கிடக்கும். பைன், இலவு போன்ற லேசான மரங்கள் சட்டென்று பிடித்துச் சட்டென்று தீரும். நெருப்பு மூட்ட லேசான மரம், நெருப்பை நிறுத்தி வைக்கக் கனத்த மரம் என்று இரண்டும் கொஞ்சம் கையிருப்பில் இருப்பது நல்லது. முருங்கை மாதிரி பஞ்சாக இருக்கும் மரங்களுக்குப் படும் பாடு வீண்.

சில மரங்களைத் தொடாமலே இருப்பது மேல். அரளியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. அதன் புகையும் ஆகாது. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். சேங்கொட்டை மரத்தின் பால் தோலைக் கொப்புளிக்க வைக்கும். பெயர் தெரியாத மரத்திலிருந்து பால் வடிந்தால், பெயர் தெரியும்வரை அறுக்காதீர்கள்.

சாயம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, மருந்தேற்றிய கம்பங்கள் ஆகியவையும் விறகு அல்ல. கரையான் அரிக்காமலிருக்க செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தேற்றிய மரத்தை எரித்தால் ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். கடலில் மிதந்து ஒதுங்கிய மரத்தில் உப்பு ஊறியிருக்கும். அது அடுப்பின் இரும்பைத் தின்னும், புகையிலும் நச்சு சேரும்.

இன்னொன்று: வெகுதொலைவிலிருந்து விறகைக் கொண்டுவராதீர்கள், கொண்டுபோகவும் வேண்டாம். பட்டைக்கடியில் பூச்சிகளும் கூடவே பயணம் செய்யும். ஆசியாவைச் சேர்ந்த ஒரு பச்சை வண்டு 2002இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அது வட அமெரிக்கா எங்கும் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்தது. அது அவ்வளவு தூரம் பரவியதில் மனிதர்கள் ஏற்றிச் சென்ற விறகுக்குப் பெரிய பங்கு உண்டு.

கருவிகள்

மரம் வெட்டும் கோடாலியும் விறகு பிளக்கும் கோடாலியும் வேறு வேறு. வெட்டும் கோடாலியின் வாய் மெலிந்து கூராக இருக்கும். நாரைக் குறுக்கே அறுப்பது அதன் வேலை. பிளக்கும் கோடாலியின் வாய்க்குப் பின்னால் கன்னம் புடைத்து ஆப்பு வடிவில் இருக்கும். நாரை அறுக்காமல் இரண்டு பக்கமும் தள்ளி விலக்குவது இதன் வேலை. மெல்லிய கோடாலியால் பிளக்கப் போனால் மரத்துக்குள் போய்ச் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

தலையின் எடை 2 முதல் 3 கிலோ, காம்பின் நீளம் 75 முதல் 90 செ.மீ. என்பது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். கனம் கூடினால் வேலை சுலபம் என்ற நம்பிக்கை அவ்வளவு சரியில்லை. அடியின் ஆற்றல் எடையோடு நேர்விகிதத்தில் ஏறும். வேகத்தின் இருமடிப் பெருக்கத்தோடு ஏறும். 4 கிலோவைத் தூக்கித் தளர்ச்சியாகப் போடுவதைவிட 2.5 கிலோவை வேகமாக இறக்குவது பலன் தரும், தோளும் பிழைக்கும். காம்பு குட்டையாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. குறி தவறிய நீளக் காம்புக் கோடாலி தரையில் போய்க் குத்தும். குட்டைக் காம்புக் கோடாலி வட்டமடித்து உங்கள் முழங்காலைத் தேடி வரும்.

வேலை தொடங்குமுன் தலை ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் தண்ணீரில் ஊறவைத்து இறுக்கும் வழக்கம் எங்கும் உண்டு. ஊறிய காம்பு உப்பித் துளைக்குள் நசுங்கும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாகத் தளரும். காம்பின் தலைப்பில் புதிய ஆப்பு அடிப்பதுதான் சரி. காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் தடவினால் வெடிக்காமல் இருக்கும். தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றில் காயும்போது சூடு கிளப்பும், சுருண்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.

இவை தவிர வேண்டியவை: இரும்பு ஆப்பு இரண்டு, 3 முதல் 4 கிலோ சம்மட்டி ஒன்று, வில் ரம்பம் ஒன்று, அரமும் சாணைக்கல்லும், கண்ணைக் காக்கும் கண்ணாடி, செருப்பாக இல்லாத கனமான காலணி. ஆப்பு ஏன் இரண்டு என்றால், ஒன்று மாட்டிக்கொண்டால் அதை விடுவிக்க மற்றொன்று வேண்டும். ஆப்பின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான் குடை மாதிரி விரிந்துவிட்டால் அந்த விளிம்பை அரத்தால் ராவி எடுத்துவிடுங்கள். அதிலிருந்து தெறிக்கும் இரும்புச் சில் கண்ணைக் குருடாக்கும் வேகத்தில் வரும். கோடாலியின் பின்பக்கத்தை ஆப்பு அடிக்கும் சம்மட்டியாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். துளை விரிந்து தலை கழன்றுவிடும்.

வில் ரம்பத்துக்குப் பச்சை மரத்துக்கான பற்கள் தனி, காய்ந்த மரத்துக்கான பற்கள் தனி. இடையிடையே தூளை வாரிக்கொண்டு வரும் கவைப்பல் இருந்தால் அது பச்சை மரத்துக்கு. எல்லாப் பல்லும் முக்கோணமாக நெருக்கமாக இருந்தால் காய்ந்த மரத்துக்கு.

அறுப்பது

முதலில் நீளத்தை முடிவு செய்யுங்கள். அடுப்பின் வாய்க்குள் போகும் நீளத்தில் 5 செ.மீ. கழித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 25 முதல் 40 செ.மீ.க்குள் வரும். மரத்துக்குள் தண்ணீர் மேலும் கீழும் போன குழாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன; அதனால் ஈரம் குறுக்குவாட்டில் கசிவதைவிட அறுத்த முகம் வழியாக 10, 15 மடங்கு வேகமாக வெளியேறும். துண்டு குட்டையாக இருந்தால் நடுவிலிருக்கும் தண்ணீருக்கு வெளியேற வேண்டிய தூரம் குறைவு. அடுப்பு பெரிதாக இருந்தாலும் குட்டையாக அறுப்பதில் நட்டமில்லை. ஒரு குச்சியை அளவாக வெட்டிக்கொண்டு மரம் நெடுக சுண்ணாம்புக்கட்டியால் குறித்துவிட்டுத் தொடங்குங்கள். நீளம் ஒரே சீராக இருந்தால் அடுக்கும்போது அருமை தெரியும்.

ரம்பம் மாட்டிக்கொள்வதுதான் அறுக்கும்போது வரும் பெரிய தொல்லை. மரம் எங்கே அமுங்குகிறது, எங்கே இழுபடுகிறது என்று பார்த்துவிட்டால் இது வராது.

இரண்டு முனையும் தாங்கலில் இருந்து நடு அந்தரத்தில் நின்றால், மேல்பக்கம் அமுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேலாக அறுங்கள்.

ஒரு முனை மட்டும் தாங்கலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் இதற்கு நேர்மாறு. முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. மேலிருந்து மட்டும் அறுத்தால் கடைசியில் துண்டு ஒடிந்து, அடிப்பட்டையை உரித்துக்கொண்டு விழும்.

முடிந்தவரை நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலிருந்தே ஒவ்வொரு துண்டாக அறுத்து வருவதுதான் சுலபம். பெருக்கல் குறி மாதிரி இரண்டிரண்டு கட்டைகளைக் குறுக்கே ஆணியடித்து, இரண்டு ஜோடியையும் ஒரு சட்டத்தால் இணைத்தால் மரத்தைக் கிடத்த நல்ல தாங்கி ஆகிவிடும். மரத்தைத் தரையில் போட்டு அறுத்தால் ரம்பம் மண்ணைத் தொட்ட கணத்தில் மழுங்கிவிடும். சங்கிலி ரம்பமானாலும் அப்படித்தான்.

சங்கிலி ரம்பத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தை ஒட்டி ஓடும் பற்கள் அவை. சங்கிலி சுற்றி ஓடும் தகட்டின் நுனியில் மேல் கால்வட்டம் எதையாவது தொட்டால், கண் இமைப்பதற்குள் இயந்திரம் மேலெழும்பி முகத்தை நோக்கித் திரும்பும். அதனால் நுனியால் எதையும் தொடாதீர்கள், பின்னால் ஒளிந்திருக்கும் அடுத்த கட்டையைக்கூட. இடது கைக் கட்டைவிரல் முன்பிடியை அடியில் சுற்றிப் பிடித்திருக்கட்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள். தலையும் உடலும் தகட்டின் நேர்கோட்டிலிருந்து சற்று இடப்பக்கம் விலகியிருக்கட்டும். நாலு அடி நடப்பதானாலும் சங்கிலித் தடையைப் போட்டுவிட்டு நடங்கள். இதற்கென்றே விற்கும் காற்சட்டையில் நீண்ட இழைகள் அடுக்கடுக்காக வைத்துத் தைத்திருப்பார்கள். பல் பட்டதும் அந்த இழைகள் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு சங்கிலியை நிறுத்திவிடும். அந்தக் காற்சட்டையும், காதுக்கும் முகத்துக்கும் கவசமும் இல்லாமல் இயந்திரத்தை இழுத்துக் கிளப்ப வேண்டாம். வருடத்துக்கு ஒரு மரம் மட்டும் அறுப்பவருக்கு இந்த இயந்திரமே தேவையில்லை என்பது என் கருத்து. நல்ல வில் ரம்பமும் பொறுமையும் போதும்.

புயலில் வேரோடு சாய்ந்த மரமாக இருந்தால் வேர்ப்பக்கம் அறுப்பதை வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். தண்டின் பாரம் நீங்கியதும் வேர்த்தட்டு திடீரென்று எழும்பிப் பழைய குழிக்குள் உட்காரும். நிற்கும் மரத்தைச் சாய்ப்பதும் தனி வித்தை. இந்த வழிகாட்டி கீழே கிடக்கும் மரத்துக்கு மட்டும்.

பிளப்பது

பட்டை மரத்துக்கு மழைக்கோட்டு. பிளக்காத உருட்டுக்கட்டை வருடக்கணக்கில் உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு, கடைசியில் காயாமலே மட்கிப்போகும். கை மணிக்கட்டைவிடப் பருத்த எதையும் ஒரு முறையாவது பிளந்துவிடுங்கள்.

எப்போது பிளப்பது? முறுக்கிய நார் உள்ள மரங்களைப் பச்சையாகவே பிளப்பது நல்லது. தைலமரம் இதற்குச் சரியான உதாரணம். காய்ந்துவிட்டால் அதனோடு போராட வேண்டும். நேரான நார் உள்ளவற்றைச் சில வாரம் விட்டுவைத்தால் அறுத்த முகத்தில் நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரம்போல வெடிப்புகள் தோன்றும். மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிப்பக்கம் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த இழுபறியில் வருவதுதான் அந்த வெடிப்பு. மரமே எங்கே பிளக்கத் தயார் என்று காட்டிக்கொடுக்கும் இடம் அது. கோடாலி அங்கேயே இறங்கட்டும்.

தாங்குகட்டை: 40 செ.மீ.க்குக் குறையாத அகலம், 30 செ.மீ. அளவு உயரம், இரண்டு முகமும் சமமாக அறுத்தது. முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் கோடாலிக்கு வேகம் ஏறுமுன்னே அடி விழுந்துவிடும். மண்தரையில் வையுங்கள், கல்தரையில் வைத்தால் குறி தப்பும்போது கோடாலியின் வாய் போகும். பிளக்க முடியாமல் மிஞ்சும் கணுக்கட்டைதான் தாங்குகட்டைக்கு ஏற்றது.

இனி படிப்படியாக.

சுற்றிலும் பாருங்கள். தலைக்கு மேலே கொடிக்கயிறு, கிளை, கூரை எதுவும் கூடாது. மனிதர்களும் நாய்களும் குறைந்தது 5 மீட்டர் தள்ளி. கட்டையை யாரும் கையால் பிடித்துக்கொள்ளக் கூடாது, ஒரு நொடிகூட.

பிளக்க வேண்டிய கட்டையைத் தாங்குகட்டையின் அந்தப் பக்க விளிம்பை ஒட்டி, உங்களிடமிருந்து தள்ளி வையுங்கள். அடி குறைவாக விழுந்தால் முன்னால் இருக்கும் தாங்குகட்டை அதை வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் உங்கள் கெண்டைக்கால் வாங்கும்.

தூரத்தை அளந்துகொள்ளுங்கள். கையை நீட்டிக் கோடாலியின் வாயைக் கட்டைமேல், நடுவைவிட உங்கள் பக்கம் சற்றுத் தள்ளி வையுங்கள். அந்தத் தூரத்தில்தான் நிற்க வேண்டும். குறி அதிகமாகப் போய்விட்டால் வாய் தாண்டிக் காம்பு கட்டையில் மோதும். காம்புகள் பெரும்பாலும் ஒடிவது இப்படித்தான்.

கால்கள் தோளகலத்தில், இரண்டும் ஒரே கோட்டில். ஒரு காலை முன்னால் வைத்து நிற்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கால் கோடாலியின் பாதையில் நிற்கிறது.

ஒரு கை காம்பின் அடியில் அசையாமல் இருக்கட்டும். இன்னொரு கை தலைக்குக் கீழே பிடித்துத் தூக்கி, இறங்கும்போது வழுக்கிக்கொண்டு வந்து அடிக்கையோடு சேரட்டும். கண் குறியை விட்டு நகரக் கூடாது. அடி இறங்கும் கணத்தில் முழங்காலையும் இடுப்பையும் மடக்கிக் கொஞ்சம் உட்காருங்கள். அப்போது கோடாலி வளைந்து உங்கள் பக்கம் வராமல் நேர்க்குத்தாக இறங்கும், உடம்பின் பாரமும் அடியோடு சேரும்.

முதல் அடியில் பிளக்காவிட்டால் கோபம் வேண்டாம். அடித்த இடத்தின் சத்தத்தைக் கேளுங்கள். வெறும் "டம்" என்று திருப்பி அடித்தால் இடத்தை மாற்றுங்கள். நார் கிழியும் மெல்லிய ஒலி கேட்டால் அதே கோட்டில் இன்னொரு அடி.

35 செ.மீ.க்கு மேல் பருத்த கட்டையை நடுவில் இரண்டாகப் பிளக்கப் போவது வீம்பு. ஓரத்திலிருந்து, விளிம்புக்கு 8, 10 செ.மீ. உள்ளே, வளையங்களை ஒட்டிய போக்கில் பலகை பலகையாகச் சீவி எடுங்கள். சுற்றிவந்து நாலு பக்கமும் எடுத்துவிட்டால் நடுக்கட்டை கைக்கு அடங்கிவிடும். அத்தனை பெரிய கட்டையைத் தாங்குகட்டைமேல் தூக்கி வைத்து முதுகைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அடியில் ஒரு பலகை போட்டுத் தரையிலேயே பிளக்கலாம்.

கணு இருந்தால் அதை விட்டு விலகிய கோட்டைத் தேடுங்கள். விலக வழியில்லை என்றால் கணுவின் நடுவே ஊடுருவும் கோட்டில் பிளக்க வேண்டும்; கணுவின் குறுக்கே அடிப்பது பயனில்லை. கவைக்கட்டைதான் பெரிய முரடு. இரண்டு கிளையும் சேரும் சந்துக்குள் அடித்தால் பின்னிக்கிடக்கும் நார் கோடாலியைக் கவ்விக்கொள்ளும். தலைகீழாக நிறுத்தி, அடித்தண்டுப் பக்கத்திலிருந்து, இரு கிளைகளின் மையமும் ஒரே கோட்டில் வரும்படி பார்த்து அடியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஆப்பு. ஆப்பை வெடிப்பில் லேசாகத் தட்டி நிறுத்திவிட்டு, கையை எடுத்த பிறகு சம்மட்டியை ஓங்குங்கள். அதற்கும் மசியாததை ரம்பத்தால் அறுத்துவிடலாம். எல்லாக் கட்டையையும் வென்றே தீர வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

கோடாலி மாட்டிக்கொண்டால் காம்பைப் பக்கவாட்டில் ஆட்டாதீர்கள். மேலும் கீழுமாக அசைத்து எடுங்கள். கட்டை சிறியதென்றால் கோடாலியோடு சேர்த்துத் தூக்கிக் கவிழ்த்து, கோடாலியின் பின்பக்கம் தாங்குகட்டையில் படும்படி ஓர் அடி அடித்தால் கட்டையின் பாரமே பிளந்துவிடும்.

பழைய டயர் ஒன்று கிடைத்தால் தாங்குகட்டைமேல் பொருத்தி ஆணியடித்துவிடுங்கள். உள்ளே கட்டையை நிறுத்திப் பிளந்தால் துண்டுகள் சிதறாமல் நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் குனிந்து எடுக்க வேண்டியதில்லை.

எவ்வளவு பருமன்? குறுக்கே 8 முதல் 15 செ.மீ. இருந்தால் போதும். அடுப்பு சின்னதானால் இன்னும் மெலிதாக. எல்லாம் ஒரே பருமனில் வேண்டாம், கலந்து இருப்பதே நெருப்புக்கு வசதி. மூட்டுவதற்கான சிராய்களை விரல் பருமனில், நேரான நாருள்ள லேசான மரத்திலிருந்து எடுங்கள். இதற்குச் சிறிய கைக்கோடாலி. கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெட்டும் வேலைதான் பல விரல்களைக் கொண்டுபோயிருக்கிறது. கோடாலியின் வாயைக் கட்டையின் தலையில் அழுத்தி வைத்து, இரண்டையும் சேர்த்தே தூக்கி, சேர்த்தே தாங்குகட்டையில் தட்டுங்கள். வாய் இறங்கிக் கொஞ்சம் கவ்வியதும் கையை எடுத்துவிட்டு மீண்டும் தட்டினால் பிளந்துவிடும்.

கை தளர்ந்து, குறி இரண்டு முறை தொடர்ந்து தப்பினால் அன்றைய வேலை முடிந்தது.

அடுக்குவது

முதலில் இடம். காற்று ஓடும் இடமாக, வெயில் படுவதாக, தண்ணீர் தேங்காததாக இருக்கட்டும். வெயிலா காற்றா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் காற்றைத் தேர்ந்தெடுங்கள்; விறகைச் சுற்றி நிற்கும் ஈரக்காற்று விலகினால்தான் உள்ளேயிருந்து அடுத்த ஈரம் வெளிவரும். அறுத்த முகங்கள் காற்று வரும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுக்கு மண்ணைத் தொடக் கூடாது. இரண்டு நீளக் கம்பங்களையோ செங்கல்மேல் வைத்த சட்டங்களையோ இணையாகப் போட்டு, தரையிலிருந்து 10, 15 செ.மீ. உயர்த்துங்கள். சரக்கு ஏற்றும் மரத்தட்டுகளும் நன்றாக உதவும். வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். கரையானுக்கு அது போட்டுக்கொடுத்த பாலம். பாம்பும் தேளும் தங்க இடம். தள்ளி வைக்க இடமே இல்லையென்றால் சுவருக்கும் அடுக்குக்கும் இடையே கை நுழைந்து பெருக்கும் அளவாவது விடுங்கள். அடுக்கின்மேல் பூச்சிமருந்து அடிப்பது தவறு, அது பிறகு புகையாக வரும்.

ஒற்றை வரிசையே சிறந்தது. இரண்டு மூன்று வரிசை வேண்டியிருந்தால் நடுவே ஒரு சாண் இடைவெளி.

அடுக்கின் இரு முனையிலும் என்ன செய்வது என்பதில்தான் அது நிற்பதும் சரிவதும் இருக்கிறது. ஊன்றுகால் நடலாம். அதைவிட அழகானது, முனைகளில் ஒரு வரிசை நெடுக்கு, அடுத்த வரிசை குறுக்கு என்று மாற்றி மாற்றி வைத்துத் தூணாக எழுப்புவது. நாலு பக்கமும் சதுரமாகப் பிளந்த விறகை இதற்கென்றே முன்கூட்டி ஒதுக்கி வையுங்கள். தூண் உள்பக்கமாக மயிரிழை சாய்ந்திருக்கட்டும். நடுவில் அடுக்கும்போது நெருக்கித் திணிக்க வேண்டாம்; தடித்த முனையும் மெலிந்த முனையும் மாறி மாறி வந்தால் மட்டம் குலையாது.

உயரம் 1.2 மீட்டரோடு நிறுத்துங்கள். மரம் காயும்போது குறுக்குவாட்டில் சுருங்கும், அடுக்கு முழுவதும் சில செ.மீ. இறங்கும். வெயில் படும் பக்கம் முதலில் சுருங்குவதால் அந்தப் பக்கம் சாயவும் செய்யும். ஏறி விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னும் தாழ்வாக.

பட்டை மேலா கீழா என்பது விறகுக்காரர்களிடையே தீராத வழக்கு. மேலே மூடாத அடுக்கு என்றால் பட்டை மேலே, மழையை வழியவிடும். மூடியிருந்தால் எப்படி வைத்தாலும் ஒன்றுதான்.

மூடுவதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். தார்ப்பாயால் தரைவரை போர்த்திக் கட்டினால் வெளியேறிய ஈரம் உள்ளேயே வியர்த்துத் திரும்ப விறகில் இறங்கும், பூஞ்சணம் பிடிக்கும். மேல்பக்கம் மட்டும் தகரமோ பாயோ சரிவாகப் போட்டு, ஓரம் ஒரு சாண் வெளியே நீட்டி, காற்றில் பறக்காமல் பாரம் வையுங்கள். நாலு பக்கமும் திறந்தே இருக்கட்டும்.

வட்டமாகக் குதிர்போல அடுக்கும் முறையும் உண்டு. பார்க்க அழகுதான். வேகமாகக் காயும் என்று சொல்வார்கள்; நடுவில் குவிந்து கிடக்கும் விறகுக்குக் காற்று எங்கிருந்து வரும் என்று எனக்கு விளங்கியதில்லை.

விலைக்கு வாங்குபவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரத்துக்கு ஒழுங்காக அடுக்கிய விறகில் உண்மையான மரம் 0.65 முதல் 0.7 கன மீட்டர்தான், மீதி இடைவெளி. வண்டியில் அள்ளிக் கொட்டிய ஒரு கன மீட்டரில் 0.4 அளவுதான் மரம். எந்த அளவில் விற்கிறார்கள் என்று கேட்காமல் விலையை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

காய்ந்துவிட்டதா

எத்தனை மாதம் என்று ஒரே எண் சொல்ல முடியாது. லேசான மரம், மெல்லிய பிளவு, வெப்பமும் காற்றும் உள்ள இடம் என்றால் சில மாதங்கள். குளிர்ந்த ஈரமான இடத்தில் தடித்த ஓக் விறகுக்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகும். காலண்டரைவிட விறகையே கேட்பது நல்லது.

அறுத்த முகத்தில் வெடிப்பு, கழன்று வரும் பட்டை, இரண்டைத் தட்டினால் எழும் "ணங்" என்ற ஓசை, கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த கனம் எல்லாம் நல்ல அறிகுறிகள். வெடிப்பை மட்டும் நம்பிவிடாதீர்கள். முனை வெடித்த விறகின் நடுவில் இன்னும் ஈரம் நிறைய இருக்கலாம்.

செலவில்லாத நம்பகமான வழி தராசு. அடுக்கும்போதே மூன்று விறகுகளை எடைபோட்டு, எடையையும் தேதியையும் அதன்மேலேயே எழுதி, அடுக்கின் நடுவில் எடுக்கும்படி சொருகி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றுவிட்டால் அந்த இடத்துக் காற்று காயவைக்கக்கூடிய அளவுக்குக் காய்ந்துவிட்டது என்று பொருள்.

ஈரமானி வாங்கினால், விறகைப் புதிதாக ஒருமுறை பிளந்து, உள்முகத்தின் நடுவில், இரண்டு முள்ளும் நாரோட்டத்தின் போக்கில் இருக்கும்படி குத்திப் பாருங்கள். வெளிமுகத்திலோ முனையிலோ குத்தினால் அது பொய் சொல்லும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. பெரும்பாலான ஈரமானிகள் ஈரத்தை உலர்ந்த மரத்தின் எடைக்கு விகிதமாகக் காட்டும். விறகுக்குச் சொல்லும் 20 சதவீதமோ மொத்த எடைக்கு விகிதம். 1,000 கிராம் விறகில் 200 கிராம் தண்ணீர் என்றால் விறகுக் கணக்கில் 20, ஈரமானிக் கணக்கில் 800க்கு 200, அதாவது 25. ஆகவே ஈரமானியில் 25 வந்தாலும் எல்லைக்குள்தான். 20 என்றால் இன்னும் நல்லது.

காய்ந்த அடுக்கிலிருந்து எடுக்கும்போது பழையதை முதலில் எடுக்க வசதியாக ஒவ்வொரு வரிசையிலும் அடுக்கிய மாதத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வையுங்கள். இடுக்கில் கையை விடுமுன் ஒரு குச்சியால் தட்டுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். விறகில் மாவு மாதிரித் தூள் உதிர்ந்தால் துளைக்கும் வண்டு இருக்கிறது. அதை வீட்டுக்குள் சேர்த்து வைக்காமல் அன்றன்றே எரித்துவிட வேண்டும். உள்ளே ஓரிரு நாளைக்கு வேண்டியதை மட்டும் கொண்டுவந்து, அடுப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைத்தால் போதும்.